சுவர் மறைத்த பெயர்

தணிகைநாதன் காலைக் காப்பிக்கு முன் சமையலறைச் சுவரைப் படிப்பார். வீட்டார் ஒவ்வொருவருக்கும் கழிப்பறை நாள்தோறும் செய்யும் பரிசோதனைகளின் முடிவுகள் அதில் ஒளிரும். குடும்பத் தலைவர் என்ற உரிமையில், தம் பெயரை மட்டும் அவர் மறைத்து வைத்திருந்தார்.

அன்று மனைவி அமுதவல்லியின் பெயருக்கு எதிரே, ‘பிறப்புறுப்பு ஹெர்பிஸ்: உண்டு’ என்றிருந்தது. அவர் அவளுடைய தம்ளரைத் தனியே வைத்தார். பிறகு அவளுடைய அண்ணனை அழைத்து, "மச்சான், உங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். அமுதவல்லி அழவில்லை. பெட்டியில் புடவைகளை அடுக்கினாள்.

முடிவை விளக்க மருத்துவர் சுவர்த் திரையில் தோன்றினார். தனியே இருந்த தம்ளரைக் கண்டு அமுதவல்லியிடம் சொன்னார்:

"தம்ளர்ல ஒட்டாதும்மா. உடலுறவுலதான் ஒட்டும். கொப்புளம் இல்லாதப்பவும் ஒட்டும், பல வருஷம் கழிச்சும் வரலாம். மாத்திரை அடக்கும், ஒழிக்காது. சார், உங்களுக்கு அங்க கொப்புளம் வந்ததுண்டா?"

"அது சூட்டுக் கொப்புளம் டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே வரும். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா போயிடும்."

"தேய்க்காட்டியும் போயிடும் சார். உங்க முடிவப் பாருங்க."

தணிகைநாதன் தம் பெயரின் மறைப்பை நீக்கினார். சுவர் பொருத்திய நாளிலிருந்தே அவர் பெயருக்கு எதிரே அதே வரி இருந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. தணிகைநாதன் மைத்துனரைச் சுவருக்கு முன் நிறுத்தினார்.

"படிங்க மச்சான். என்கிட்டேருந்துதான் அவளுக்கு வந்திருக்கு. குத்தம் என்னோடது."

அமுதவல்லி பெட்டியைக் கீழே வைக்கவில்லை. வாசலுக்கும் நடக்கவில்லை. தம் பெயரை இனித் தாமே மறைக்க இயலாதபடி, தணிகைநாதன் பெயர்களை மறைக்கும் உரிமையை அவள் கைரேகைக்கு மாற்றிக் கொடுத்தார்.