மறு மூடிக்கு ஒரு ஆள்

வில்லாபுரம் காய்கறிக் கடை வாசலில் பாண்டிச்செல்வி அரை மணி நேரமாக நிற்கிறாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு மூடித் தேங்காய். மறு மூடியை வாங்கவும் ஆள் வந்தால்தான் காயை உடைப்பேன் என்கிறார் கடைக்காரர் சோணைமுத்து. முழுக்காய் எழுபது ரூபாய் விற்கும்போது அதை யார் வாங்குவது? வருகிறவர்கள் நூறு கிராம் பீன்ஸ், இரண்டு கேரட் என்று எடை போட்டு நகர்கிறார்கள். தார்ப்பாயைத் தாண்டிய காலை வெயில் அவள் பாதத்தைச் சுடுகிறது. வீட்டில் பொரிகடலையும் மிளகாயும் மிக்ஸி ஜாரில் காத்துக் கிடக்கின்றன. கையிலிருக்கும் போன் மூன்றாவது தடவையாக அதிர்கிறது. "உடைங்கண்ணே, எவளாச்சும் வாங்காமயா போயிருவா?" "நேத்தும் இப்படித்தாம்மா ஆளாளுக்குச் சொன்னீங்க. மூணு மூடி அழுகிப்போச்சு, நீயா வாங்குன?" அவள் பல்லைக் கடிக்கிற நேரத்தில் பக்கத்துத் தெரு முபீனா வந்து, "அண்ணே, ஒரு மூடி கெடைக்குமா?" என்கிறாள். பாண்டிச்செல்வி பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "வா தாயி, ஒனக்காகத்தான் இம்புட்டு நேரமா நிக்கிறேன்!" அரிவாளின் முதுகு இரண்டு தட்டுத் தட்டுகிறது. தண்ணீர் டம்ளருக்குள் விழ, காய் கோணலாகப் பிளக்கிறது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டு பெண்களின் கைகளும் பெரிய மூடியின் மேல் விழுந்து அப்படியே நிற்கின்றன. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. "பெருசு நாப்பது, சிறுசு முப்பது" என்கிறார் சோணைமுத்து. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சின்ன மூடிக்குத் தாவுகின்றன.