பக்கவாட்டில் நீளும் கை

விடிந்ததுமே அரிசோனா வெயில் கொல்லைச் சந்தின் சுவர்களை வெளுக்க வைத்துக்கொண்டிருக்கிறது. டெல்ஃபினா கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். எதிரே நகராட்சியின் புதுக் குப்பை லாரி உறுமுகிறது. பக்கவாட்டில் இரும்புக் கை வைத்த லாரியை இந்த ஊர் இதுவரை பார்த்ததில்லை. இத்தனை வருடமும் தகர டப்பாக்களைத் தோளில் தூக்கிக் கொட்டிய அவள் கணவன் ரூபென், இன்று ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான். இனிமேல் பாரம் தூக்கினால் முதுகெலும்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இந்த லாரி சரிப்பட்டு வந்தால்தான் அவனுக்கு வேலை. போன வாரச் சோதனையில் இரும்புக் கை குப்பைத் தொட்டியை நசுக்கிவிட்டது. பிறகு பிடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். “கண்ணை மூடிக்காதடி, பாரு!” என்று ரூபென் கத்துகிறான். “நீ என்னைப் பாக்காம தொட்டியைப் பாரு!” என்கிறாள் அவள். கை முனகிக்கொண்டே நீண்டு தொட்டியை அணைக்கிறது. தொட்டி ஆடுகிறது, எழுகிறது, லாரியின் மேலே கவிழ்கிறது. தர்பூசணித் தோலும் காப்பிச் சக்கையும் ஒடிந்த நாற்காலிக் காலும் தடதடவென்று உள்ளே விழுகின்றன. பிறகு தொட்டி இறங்கி, நசுங்காமல், சாயாமல், புழுதியில் மெல்ல உட்காருகிறது. ரூபென் நெற்றியை ஸ்டீயரிங்கில் கவிழ்த்துக்கொள்கிறான். டெல்ஃபினா பதறி ஓடுகிறாள். நிமிர்ந்த அவன் முகத்தில் சிரிப்பு. “கொஞ்சம்கூட வலிக்கலடி!” அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். “இன்னொரு தடவை தூக்கு.” “காலித் தொட்டியையா?” “இருக்கட்டும், தூக்கு!” காலித் தொட்டி மறுபடியும் வானத்தை நோக்கி எழும்புகிறது.