தெளிந்த குழாய்

ஓட்டக்காரர்களின் ரத்தத்தில் பெராக்சைடைச் சொட்டினால் சிவப்பணுக்கள் தாக்குப்பிடித்து அடியில் படியும், மேல்நீர் தெளிந்திருக்கும். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுடையது உடைந்து சோதனைக் குழாயெல்லாம் சிவக்கும். டாக்டர் வதனனின் ஆய்வுக்கு அப்படி உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் போதாமல் போகவே லேப் டெக்னீஷியன் ஜெசிந்தா தன் கையையே நீட்டியிருந்தாள். ஐம்பத்தொரு வயது, கனத்த உடம்பு. ஆனால் அவள் குழாய் தெளிந்து நின்றது.

“எனக்குத் தெரியாம எங்கயாச்சும் ஓடுறீங்களா?” என்றார் டாக்டர் வதனன்.

“பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டேன் சார். லிஃப்ட் கெட்டதுல இருந்து சாம்பிளைத் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறி இறங்குறேன். அஞ்சு மாசமாச்சு.”

டாக்டர் தலையில் கைவைத்தார். “சிவப்பணுவோட ஆயுசே நாலு மாசம்தான். இப்ப உங்களுக்குள்ள ஓடுறது எல்லாமே படியேறின காலத்துல பொறந்தது. உட்கார்ந்து வேலை பாக்குறவங்க லிஸ்டுக்கு நீங்க ஆக மாட்டீங்க.” பெயரை அடித்தார்.

ஜெசிந்தா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லிஃப்டைச் சரிசெய்யக் கேட்கும் மனு அவள் மேசைமேல் கிடந்தது. எல்லோரும் போட்டாயிற்று, அவள் கையெழுத்து மட்டும் பாக்கி. குழாய் ஸ்டாண்டைத் தூக்கி அந்த மனுவின்மேல் வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் படியிறங்கினாள்.