பிரம்மதேசத்து நம்பர்

"எல்லா நம்பரையும் ஏஐகிட்ட குடுத்துட்ட. இந்த பிரம்மதேசத்து நம்பரை மட்டும் எதுக்கும்மா நீயே வச்சுக்கினு இருக்க?"

மேனேஜர் கோகுலகிருஷ்ணன் கேட்டதும் சங்கவி கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தாள்.

"அதுக்கு நானே பேசிக்கிறேன் சார்."

திண்டிவனத்தில் இருக்கிற டூவீலர் ஷோரூம் அது. வண்டி வாங்கினவர்களுக்கெல்லாம் போன் போட்டு, சர்வீஸுக்கு விடச் சொல்லி ஞாபகப்படுத்துவதுதான் சங்கவியின் வேலை. போன வருஷம் வரைக்கும் பேசிப் பேசியே சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிக்கொள்ளும். இப்போது ஏஐ வந்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார ஏஐ. "நான் ஷோரூமோட ஏஐ பேசறேன்" என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கும். "மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்கோம், அப்புறம் பாக்கலாம்" என்று யாராவது சொன்னால், கடலை அறுவடை முடிகிற நேரம் பார்த்து மறுபடி கூப்பிடும். அதையெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததே சங்கவிதான். நாள் முழுக்க இழுத்த வேலை காலை டீக்கு முன்னால் முடிந்துவிடுவதால், வண்டி விட வருகிறவர்களிடம் நின்று பேச அவளுக்கு நேரம் கிடைத்தது. சர்வீஸுக்குக் கூட்டமும் கூடிவிட்டது.

கோகுலகிருஷ்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரிக்கு தோசையா சப்பாத்தியா என்பதைக்கூட ஏஐயைக் கேட்டு முடிவு செய்கிற அளவுக்குப் போய்விட்டார் மனிதர்.

"மத்ததெல்லாம் சரி. அந்த ஒரு நம்பருக்கு மட்டும் அரை மணி நேரம் பேசற. வண்டியோ இதுவரைக்கும் வந்தபாடில்ல" என்றார்.

"அந்த வண்டி வராது சார்." சங்கவி குரலைத் தாழ்த்தினாள். "வண்டி வாங்கின பிரவீன்குமார் இப்ப இல்ல. மஞ்சக்காமாலையில போயிட்டாரு. நம்ம மெக்கானிக் வல்லரசு அண்ணனுக்கும் பிரம்மதேசம்தான் ஊரு, அவருதான் சொன்னாரு. போனை பிரவீனோட அம்மா எடுக்கறாங்க. சின்னபொண்ணு அம்மா."

"அப்போ எதுக்கும்மா போன் போடற?"

"விஷயம் தெரியாம ஒருவாட்டி போட்டுட்டேன் சார். பிரவீன் இருக்காருங்களான்னு கேட்டேன். 'வெளியூர் போயிருக்கான், வந்ததும் வண்டிய வுட சொல்றேன் கண்ணு'ன்னாங்க. அதுக்கப்புறம்தான் வல்லரசு அண்ணன் சொன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அடுத்த மாசம் மனசு கேக்காம மறுபடியும் போட்டேன். அப்பவும் அதே பதில்தான்."

கோகுலகிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புள்ள இல்லன்னு அவங்க மனசு இன்னும் ஒத்துக்கல சார். பிரவீன் எங்கன்னு கேக்க அவங்களுக்கு வேற யாரு இருக்கா? நான் கேட்டா ஒரு தெம்பா பேசறாங்க. கேப்பைக் களி கிண்டினது, மழை பேஞ்சது எல்லாத்தையும் சொல்லுவாங்க. நான் என்ன சாப்ட்டேன்னு கேப்பாங்க. போனை வைக்கவே மனசு வராது."

ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் திறந்தால் அன்றைக்கும் வந்து நிற்கிற பெண் சங்கவி. வேலை நேரத்தை வீணடிக்கிறவள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். மனிதர் பிடரியைத் தடவிக்கொண்டார்.

"சங்கவி, நான் ஒரு வேலை பண்ணிட்டேன்மா. உனக்கு வேலை மிச்சமாவட்டும்னு நெனச்சு, காலையிலயே அந்த நம்பரை ஏஐகிட்ட குடுத்துட்டேன்."

சங்கவி எழுந்துவிட்டாள். ரொம்ப நாளாக வராதவர்களிடம் ஏஐ என்ன கேட்கும் என்று அவளுக்குத் தெரியாதா? வண்டி உங்களிடம்தான் இருக்கிறதா, விற்றுவிட்டீர்களா என்று நேராகவே கேட்டுவிடும். அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தவளே அவள்தான்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல சார்? அந்தம்மா பாவம், ஏதோ ஒரு நெனப்புல உசுரோட இருக்காங்க. அதையும் இந்த ஏஐ கலைச்சு விட்டிருக்குமே." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேஜாரா போச்சே" என்றார் கோகுலகிருஷ்ணன். "இரு, அழுவாத. பேசினது ரெக்கார்டு ஆயிருக்கும். என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு, ஜல்தி கெளம்பு. என் வண்டியை எடுத்துக்கினு பிரம்மதேசம் போய் நேர்லயே பாத்துட்டு வந்துடு."

இருவரும் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்கள். ஏஐ வணக்கம் சொன்னது, தன்னை ஏஐ என்று சொல்லிக்கொண்டது. பிறகு சங்கவி பயந்த அந்தக் கேள்வியைக் கேட்டது.

"பிரவீன்குமாரோட வண்டி இப்ப உங்ககிட்டதான் இருக்குதுங்களா? இல்ல வித்துட்டீங்களா அம்மா?"

சங்கவி துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, நீ நெசமாவே மிஷினா? மனுஷங்க யாரும் இல்லியே?"

"ஆமாம்மா, நான் ஏஐதான்."

"அப்ப உங்கிட்ட சொன்னா தப்பில்ல. எம் புள்ள செத்துப் பூட்டாம்மா. வண்டியையும் அப்பவே வித்தாச்சு."

சங்கவி திகைத்துப் போய் கோகுலகிருஷ்ணனைப் பார்த்தாள். சின்னபொண்ணுவின் குரல் தொடர்ந்தது.

"உங்க ஷோரூம்ல சங்கவின்னு ஒரு பொண்ணு இருக்குது. தாயில்லாப் புள்ள, ஹாஸ்டல்ல தனியா கெடக்குது. வண்டியே இல்லன்னு சொல்லிட்டா அது எந்தச் சாக்குல எனக்குப் போன் பண்ணும்? அதுக்காவதான் புள்ள வெளியூர் போயிருக்கான்னு சொல்லிக்கினு இருக்கேன். அதுங்கிட்ட மட்டும் இத சொல்லிடாத கண்ணு."