பின்கதவு

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருவொற்றியூர் கடற்கரைச் சாலை டீக்கடையில் கார்ப் பைத்தியங்கள் சிலர் கூடுவார்கள். அன்று அவரவர் முதல் காரைப் பற்றிப் பேச்சு வந்தது. கூரையை வெட்டியெறிந்துவிட்டு, மழையில் குடை பிடித்து ஓட்டிய கதையை ஜெரின் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

"உன் செவப்பு வண்டி இன்னா ஆச்சு மாமு?" என்று அவனே லோகநாதனைக் கேட்டான்.

லோகநாதன் எதிரே இருந்த தீனாவைப் பார்த்தார். பதினோரு வருடங்களுக்கு முன் அந்தக் கார் எண்ணூர் கழிமுகத்தில் விழுந்தபோது, ஓட்டிய அவர் நீந்தி வெளியே வந்துவிட்டார். பின்னால் இருந்த தீனாவின் அண்ணன் நிலவன் வரவில்லை. கதவு சிக்கிக்கொண்டது என்று சொல்லியிருந்தார். அதன்பின் அவர்கள் வீட்டுப் படியை மிதித்ததில்லை.

"கதவு சிக்கல தீனா. பாக்க நைஸா இர்க்கணும்னு பின்கதவு கைப்பிடிய உள்ளயும் வெளியவும் நான்தான் புடுங்கிட்டு, பட்டி போட்டு பெயின்ட் அடிச்சேன். அவன் முன்சீட்ட தாண்டித்தான் பின்னால போனான்."

தீனா டீயைக் குடித்து முடித்தான்.

"வூட்டாண்ட வுட்டுடுண்ணா," என்று சொல்லி லோகநாதனின் புதுக் காரில் முன்னால் ஏறிக்கொண்டான்.

கார் நகர்ந்ததும், பின் இருக்கையில் உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் கத்தும் மணி அடித்தது. பின்னால் யாரும் இல்லை.

தீனா திரும்பி, எட்டி, பின்னால் பெல்ட்டை இழுத்து மாட்டினான். மணி நின்றது.

"என் வண்டில தெனமும் இப்டித்தாண்ணா. போட்டுவுட்டா கத்தாது."

லோகநாதன் கண்ணாடியில் பார்த்தார். பெல்ட் இருக்கையில் படியாமல், ஒரு ஜாண் முன்னால் விறைப்பாக நின்றது.