மழை வருது

ஆப்பிரிக்காவின் அந்த யொரூபா அரண்மனையில் முடிசூடிய மன்னரைப் பிள்ளைப்பருவப் பெயரால் அழைத்தால் நாக்கை அறுத்துவிடுவார்கள். மேளக்காரன் அயன்லேரே நாக்கால் அழைப்பதில்லை. அவன் மேளம் சொற்களின் ஏற்ற இறக்கத்தை மட்டும் ஒலித்தே பேசும். சிறுவயதில் கூட விளையாடிய மன்னரைத் தினமும் விடியலில் ‘அகன்பி’ என்று மூன்றே தட்டில் எழுப்புவான்.

இன்று சபையில் அமைச்சர் அவன் கையைப் பிடித்தார்.

“காலையில என்னடா வாசிச்சே? ராஜா பேரு மாதிரி இருந்துச்சே?”

“ஐயோ, இல்லீங்க. ‘மழை வருது’ன்னு வாசிச்சேன். மேளத்துல ரெண்டும் ஒண்ணாத்தாங்க கேக்கும்.”

அமைச்சர் வெளியே பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

மன்னரின் முகத்தை மறைத்துத் தொங்கிய கிரீடத்து மணிச்சரங்கள் மெல்ல அசைந்தன.

“எனக்கும் மழைன்னுதான் கேட்டுச்சு,” என்றார் மன்னர். “நாளைக்கும் வரட்டும்.”