எட்டுச் சோடித் தோடுகள்

‘12.03.2001. தோட்டின் அளவைக் கணினித் திரையில் அடிமட்டம் வைத்து அளந்தேன். சின்னப் பிழைதான்.’

இரவு கொப்பியில் இப்படி எழுதிய சுகிர்தாவுக்கே சிரிப்பு வந்தது. வவுனியாவில் கணினி வகுப்பில் வரைந்த தோடுகள், கொழும்பில் லேசரால் வெட்டப்பட்டு அன்று மாலைதான் வந்திருந்தன. மாதிரி பிடித்தால்தான் தோடு விற்கும் கடைக்காரர் ஒருவர் வகுப்புக்கு ஓடர் தருவார்.

சுகிர்தா தன் பொதியைப் பிரித்தாள்.

“அக்கா, இது தோடோ மூக்குத்தியோ?” என்றாள் பக்கத்தில் நின்ற பிரேமிளா.

“படத்தை நாலு மடங்கு பெருப்பிச்சு வைச்சுக்கொண்டு அளந்திட்டன். அதுதான் சின்னனாப் போச்சு.”

“கவலைப்படாதேங்கோ. என்ரையும் மூக்குத்திதான்.”

“என்ரை அதைவிடச் சின்னன்!” என்றான் அதே வகுப்பில் இருந்த நிரஞ்சன்.

எட்டுப் பொதிகளிலும் அதே கதை. தான் மட்டும் முட்டாள் இல்லை என்று சுகிர்தாவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

கணினி நிலையப் பொறுப்பாளர் தயாபரன் உள்ளே வந்தார். “கடைக்காரர் இன்னும் ஒருக்காத்தான் பாப்பாராம். அதுசரி, எட்டுப் பேருக்கும் எப்பிடி ஒரே பிழை வந்தது?”

“படிப்பிச்ச மாதிரித்தான் சேர் செய்தனாங்கள்,” என்றாள் பிரேமிளா.

தயாபரன் சுகிர்தாவின் பக்கம் திரும்பினார். “என்ன ரீச்சர், உண்மையோ?”

இரவு, கொப்பியில் கடைசி வரியையும் சுகிர்தா எழுதினாள்:

‘நாளை: அளவெடுக்கும் பாடத்தை முதலில் நான் படிக்க வேண்டும். பிறகு வகுப்பு.’